நீலப் பாக்கெட்டின் நல்ல மனசு

எங்கள் தெருவில் ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்று தெரிய வேண்டுமானால் யாரும் விளம்பரத்தைப் பார்ப்பதில்லை. சலவைக்கடை அக்காவிடம் போய்ச் சொல்வார்கள். "அக்கா, புதுசா ஒரு பல்பு வந்திருக்காம், எரிஞ்சே போகாதாம்." அக்கா துணியை உதறிக்கொண்டே "அப்படியா?" என்பாள். அவ்வளவுதான். அந்த வார்த்தையை அவள் இழுத்தாளா, வெட்டினாளா, புருவத்தைத் தூக்கிச் சொன்னாளா என்பதை வைத்து அந்தப் பல்பின் தலையெழுத்து எங்கள் தெருவில் தீர்மானமாகிவிடும். அவளுக்கு அப்படியா அக்கா என்று பெயர் வந்தது இப்படித்தான். அந்தப் பெயர் தனக்கு உண்டென்று அவளிடம் யாரோ சொன்னபோதும் "அப்படியா?" என்றுதான் கேட்டாளாம்.

இந்தச் சந்தேகம் பிறவிக் குணம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது தொழில் தந்ததாகத்தான் படுகிறது. ஊரார் சட்டைப் பைகளை நாள் முழுக்கத் துழாவுகிற ஒருத்தி மனிதர்களை அப்படியே நம்ப முடியாது. வெளியூர் வேலை என்று போனவரின் சட்டையில் உள்ளூர் சினிமா டிக்கெட் இருக்கும். சர்க்கரை வியாதிக்காரர் என்று வீடே பத்தியம் சமைக்கிறவரின் பையில் மிட்டாய்த் தாள் ஒட்டிக்கொண்டு வரும். புகையை விட்டுவிட்டேன் என்று கூட்டம் போட்டுச் சொன்னவரின் கால்சட்டையில் தீப்பெட்டி நனைந்து கூழாகியிருக்கும். எல்லாவற்றையும் ஒரு காகித உறையில் போட்டு, வெளுத்த துணியின் மேல் வைத்து, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுப்பாள். அந்த உறைக்குப் பயந்தே பலர் ஒழுங்காக இருந்தார்கள்.

கல்யாணமும் சந்தேகத்தில் பிறந்ததுதான். அப்போது அந்தக் கடை இஸ்திரிக்காரருடையது. இவள் வாடிக்கையாளர். ஏற்கெனவே பட்டன் இல்லாத ஒரு சட்டையைக் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்கும்போது "பட்டன் எங்கே?" என்று கேட்டாள். ஆள் எப்படி என்று பார்க்கத்தான். அவர் பதறிப்போய், தன் சட்டையிலிருந்தே ஒரு பட்டனைப் பிய்த்துத் தைத்துக் கொடுத்தார். இவ்வளவு நல்லவன் உலகத்தில் இருக்க முடியாது, உள்ளே ஏதோ இருக்கிறது, கூடவே இருந்தால்தான் கண்டுபிடிக்க முடியும் என்று அவரையே கட்டிக்கொண்டாள். இன்றுவரை ஒன்றும் அகப்படவில்லை. அவளும் விடுவதாக இல்லை.

இஸ்திரிக்காரர் எதையும் நம்புகிறவர். சலவைப் பவுடர் பாக்கெட்டில் "முன்னைவிட வெண்மை" என்று அச்சடித்திருந்தால் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு மகிழ்ச்சியோடு நிமிர்வார்.

"முன்னைவிடன்னா என்னங்க அர்த்தம்? முன்னாடி நம்ம தலையில மட்டமானதைக் கட்டினான்னு அவனே ஒத்துக்கறான்."

"ஒத்துக்கறான் பாரு, அதுவே நல்ல மனசுதானே?"

அவளுக்கு இருந்த சொந்தம் என்று சொல்லப்போனால் ஒரு தம்பிதான். தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட்டதால், அக்கா கடையின் அழுக்குத் துணி மூட்டைகளின் மேல் தூங்கி வளர்ந்த பையன். வளர்ந்து சலவைப் பவுடர் விற்கப் போனதில் ஆச்சரியமில்லை. நீலப் பாக்கெட்டில் வருகிற பிரபலமான பவுடர். அந்த நிறுவனத்தின் விற்பனைப் பையன் என்று எங்கள் பக்கத்துக் கடைகளில் எல்லாருக்கும் அவனைத் தெரியும். பையன் என்று சொல்கிறோமே தவிர, கல்யாணமாகி மனைவி கர்ப்பமாக இருந்தாள். வேலை மட்டும் தற்காலிகம். வருஷக் கணக்கில் தற்காலிகமாகவே நிரந்தரமாக இருந்தான்.

அந்த நேரத்தில்தான் நிறுவனம் எங்கள் தெருவுக்கு நல்லது செய்ய முடிவெடுத்தது.

தெரு முனையில் குடிநீர் இயந்திரம் ஒன்று வந்தது. எங்கள் குழாய்த் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. இதில் குடத்தை வைத்துப் பொத்தானை அமுக்கினால் தண்ணீர் தெளிவாக, காசில்லாமல் வரும். மேலே ஆளுயரத்துக்கு ஒரு நீலப் பலகை: "உங்கள் நலம், எங்கள் பொறுப்பு." இந்த ஏற்பாடுகளையெல்லாம் பார்த்துக்கொள்ள நிறுவனத்தில் சமூகப் பொறுப்பு என்று தனித் துறையே இருந்தது. அதன் அதிகாரியாக வந்த பெண்ணுக்குத் தெரு உடனே பொறுப்பு மேடம் என்று பெயர் வைத்தது.

தண்ணீரைத் தெரு வாங்கிக்கொண்டது. காரணத்தைத்தான் வாங்கிக்கொள்ளவில்லை. மூலைக்கடை வாசலில் அன்று மாலையே விசாரணை தொடங்கியது.

"சும்மாவா குடுப்பான்?" என்றார் தையல்காரர். "அந்தத் தண்ணியைக் குடிச்சா இன்னும் கொஞ்சம் குடிக்கலாம்போல இருக்கு. கவனிச்சீங்களா?"

"நீங்க மொட்டை வெயில்ல நின்னு குடிச்சீங்க" என்றார் ஓய்வுபெற்ற டீச்சர்.

"வெயில்ல நிக்கற மாதிரி ஏன் வெச்சான்? அதைக் கேளுங்க."

"அட, நல்லது செய்யறாங்கன்னே வெச்சுக்குவோமே."

"டீச்சர், இவன் எங்கேயோ ஒரு ஆத்துல சாக்கடையைக் கலந்துவிட்டிருக்கான். அந்தப் பாவத்தை இங்க வந்து கழுவறான்."

"ஆத்துல கலந்தா அந்த ஆத்தங்கரைக்காரங்களுக்குத்தானே தண்ணி குடுக்கணும்? நமக்கு ஏன்?"

"அவங்க வாங்கமாட்டாங்களே! அவங்களுக்குத்தான் விஷயம் தெரியுமே!"

மூலைக்கடைக்காரர் மட்டும் வேறு கவலையில் இருந்தார். தண்ணீர் வந்த நாளிலிருந்து அவர் கடையில் நீலப் பாக்கெட் நகரவில்லை. ஆண்டாண்டாக நீலம் வாங்கியவர்கள்கூட, யாருக்கும் ஒரு நல்லதும் செய்தறியாத மஞ்சள் பாக்கெட்டுக்கு மாறிவிட்டார்கள். காரணம் வெட்கம். ஒரு கையில் தண்ணீர்க் குடமும் இன்னொரு கையில் நீலப் பாக்கெட்டுமாக வீட்டுக்குப் போனால், ஒரு குடம் தண்ணிக்கு விலைபோய்விட்டான் என்று எதிர்வீட்டுக்காரர் சிரிப்பார். தன்னை யாரும் வாங்கிவிடவில்லை என்று காட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு மஞ்சள் பாக்கெட் தேவைப்பட்டது.

"மஞ்சக்காரன் யோக்கியனாய்யா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"இல்லதான்" என்றார் தையல்காரர். "ஆனா யோக்கியன்னு அவன் சொல்லிக்கவே இல்லையே. போர்டு வெச்சானா? கூட்டம் போட்டானா? பேசாம ஏமாத்திட்டுப் போறான். அதுல ஒரு நேர்மை இருக்கு."

இத்தனை அமளியிலும் எந்தப் பாக்கெட்டும் மாறாமல் இருந்த ஒரே இடம் சலவைக்கடை. அக்கா எல்லாப் பவுடரையும் ஒரே துணியைக் கிழித்துத் தனித்தனியாக வெளுத்துப் பார்த்து, எப்போதோ நீலத்துக்கு வந்தவள். தண்ணீர் வந்ததற்காக அதை விடவும் இல்லை, கூடுதலாக வாங்கவும் இல்லை. தண்ணீரையும் அவள் ஒதுக்கவில்லை. முதலில் இஸ்திரிக்காரரைக் குடிக்கச் சொன்னாள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நிச்சயமான பிறகு தானும் குடித்தாள். அவர் அதை அன்பு என்று எடுத்துக்கொண்டார்.

ஒரு மத்தியானம் தம்பி ஒரு பெட்டியோடு வந்தான். உள்ளே நீராவி இஸ்திரிப் பெட்டி, பளபளவென்று. இஸ்திரிக்காரர் அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கினார்.

"என்னடா இது?"

"உனக்குத்தான்க்கா. மாமாவுக்குத் தோள்பட்டை வலின்னு சொன்னியே. இது வெயிட்டே இல்ல."

"எனக்கா, மாமாவுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

"சரி, என்ன வேணும் உனக்கு?"

"ஏன்க்கா, ஒரு தம்பி அக்காவுக்கு ஒண்ணு தரக்கூடாதா?"

"தரலாம். தந்துட்டு எழுந்து போகணும். நீ உக்காந்துட்டே. அப்போ ஏதோ விஷயம் இருக்கு."

விஷயம் இருந்தது. தண்ணீர் கொடுத்தும் இந்தத் தெருவில் விற்பனை விழுந்துவிட்டதில் மேலிடம் அவன்மேல் கோபமாக இருந்தது. தெருவில் ஒரு கூட்டம் நடத்தப் போகிறார்கள். அதில் அக்கா நாலு வார்த்தை பேச வேண்டும். அவள் பேசினால் தெரு கேட்கும்.

"நான் பாராட்டிப் பேசறதா? கல்யாணத்தன்னிக்கே உன் மாமாவை நான் பாராட்டினதில்ல."

"பொய் சொல்லச் சொல்லலையே. நீ நீலம்தானே போடறே? அதைச் சொல்லு."

"போடறேன். அதுக்கு ஊரைக் கூட்டணுமா?"

தம்பி சற்று நேரம் மேஜை விளிம்பைத் தடவினான். "இந்தத் தெருவுல வியாபாரம் ஏறலன்னா என்னை நிரந்தரம் பண்ணமாட்டாங்கக்கா. அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறிக்கிட்டே இருக்கு. பெரிய ஆஸ்பத்திரியிலதான் பிரசவம் பாக்கணும்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாங்க. நிரந்தரமானவங்களுக்குத்தான் கம்பெனி ஆஸ்பத்திரிச் செலவு குடுக்கும். அந்தச் செலவு என்னால ஆகாது, உன்னாலயும் ஆகாது."

"ஏண்டா, முன்னபின்ன தெரியாத தெருவுக்கே தண்ணி குடுக்கறவன், அவனுக்காக வெயில்ல அலையறவன் பொண்டாட்டிக்கு ஆஸ்பத்திரி குடுக்கமாட்டானா?"

"அது வேற டிபார்ட்மென்ட்க்கா."

அவள் ஒப்புக்கொண்டாள். தம்பி மனைவியின் வீங்கிய கால்களை அவள் நேரில் பார்த்திருந்தாள்.

கூட்டத்துக்கு நீல நாற்காலிகள் வந்தன. தெரு முழுவதும் வந்தது. ஓசி நாற்காலியில் உட்கார்ந்து சந்தேகப்படுவது ஒரு சுகம். பொறுப்பு மேடம் இனிமையாகப் பேசினார். பிறகு அக்கா எழுந்தாள். இவள் என்ன கேட்டு அந்த அம்மாவைத் திணறடிக்கப் போகிறாளோ என்று எல்லாரும் நாற்காலி நுனிக்கு வந்தார்கள்.

"நான் நீலம்தான் போடறேன்" என்றாள் அக்கா. "நல்லா வெளுக்குது. இந்தத் தண்ணியும் நல்லா இருக்கு. இவங்க நல்லது பண்றாங்க." உட்கார்ந்துவிட்டாள்.

இஸ்திரிக்காரர் மட்டும் கை தட்டினார். மற்றவர்கள் கண் முன்னால் ஒரு விபத்து நடந்ததைப்போல் இருந்தார்கள்.

அவள் வாழ்க்கையில் மேடையேறிச் சொன்ன ஒரே வார்த்தைகள், ஒவ்வொன்றும் உண்மை, ஒன்றைக்கூட ஒருவரும் நம்பவில்லை. "அக்காவையே வாங்கிட்டாங்கன்னா அந்தப் பவுடர்ல என்னமோ பெரிய விஷயம் இருக்கு" என்றார் தையல்காரர். அதோடு சலவைக்கடையில் புது இஸ்திரிப் பெட்டி ஆவி விடுவது தெருவிலிருந்தே தெரிந்தது. சாட்சிக்கு வேறென்ன வேண்டும்? மறுநாளிலிருந்து நீலப் பாக்கெட்டை விசாரிப்பதுகூட நின்றது. தண்ணீருக்கு வரும் குடங்களும் குறைந்தன. பழைய உப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பது திடீரென்று மானமுள்ளவர்களின் வழக்கமாகிவிட்டது.

அதைவிட மோசம் கடைக்குள் நடந்தது. வெளுத்த துணியை எண்ணிப் பார்க்காமல் வாங்கிப்போன மனிதர்கள் இப்போது மேஜையருகிலேயே நின்று எண்ணினார்கள். டீச்சர் ஒரு புதுக் குடையை யாரையும் கேட்காமல் வாங்கி, மழையே இல்லாத நாளில் அதைப் பிடித்துக்கொண்டு கடையைத் தாண்டிப் போனார். அக்கா அந்தக் குடையைப் பார்த்தாள். கம்பி வளைவது அங்கிருந்தே தெரிந்தது. துணியை மட்டும் உதறினாள்.

தையல்காரருக்கு மட்டும் சும்மா இருக்க முடியவில்லை. துணி வாங்க வந்தவர், பெட்டியைக் கண்ணால் காட்டினார்.

"என் மச்சான் தெருவுலயும் ஒரு சலவைக்கடைக்கு இதே பெட்டி வந்திருக்கு. நீலக்காரன்தான் குடுத்தானாம். சிறுதொழிலுக்கு ஆதரவாம்."

"இது என் தம்பி வாங்கிக் குடுத்தது."

"நான் இல்லன்னு சொன்னேனா? நல்ல தம்பி. குடுத்துவெச்சவங்க நீங்க."

அவர் போனதும் அக்கா பெட்டி ஆறும்வரை காத்திருந்து கவிழ்த்துப் பார்த்தாள். கைப்பிடிக்கு அடியில் எதையோ ஒட்டிச் சுரண்டிய தடம் இருந்தது. ஓரத்தில் நகம் எட்டாத இடத்தில் கொஞ்சம் நீலம் மிஞ்சியிருந்தது.

தம்பியைக் கூப்பிட்டனுப்பினாள்.

"இதை நீ வாங்கினியா?"

அவன் பெட்டியைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். மாமா அவசரமாக ஒரு வேட்டியை மடிக்க ஆரம்பித்தார்.

"கம்பெனி குடுத்ததுக்கா. ஆனா..."

"ஸ்டிக்கரைச் சுரண்டினது யாரு?"

"நான்தான்."

"எதால?"

"நகத்தால. ஏன்க்கா, எதாலன்னு தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

"கத்தியால சுரண்டியிருந்தா ஒரு நிமிஷ வேலை. ஏதோ அவசரத்துல புத்தி போச்சுன்னு விட்டிருப்பேன். நகத்தாலன்னா ரொம்ப நேரம் ஆகியிருக்கும். அவ்வளவு நேரமும் யோசிச்சுக்கிட்டே சுரண்டியிருக்கே."

இஸ்திரிக்காரர் வேட்டியைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"வேற ஒரு கடைக்குத்தான் குடுக்கறதா இருந்தாங்க" என்றான் தம்பி. "மாமா தோள்பட்டையை நெனச்சுத்தான் உன் கடையைச் சொன்னேன். அது பொய் இல்ல. குடுத்தா நீ கூட்டத்துல பேசுவேன்னும் நெனச்சேன். அதுவும் பொய் இல்ல."

"எதை முதல்ல நெனச்சே?"

அவன் பதில் சொல்லவில்லை. தெரியாமல்தான் நின்றான் என்று நான் நினைக்கிறேன். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த மனிதன் எங்கேயாவது இருப்பானா என்பதும் சந்தேகம்தான். ஆனால் பதில் வராத ஒவ்வொரு கணமும் அவளுக்குப் பதிலாகவே கேட்டது.

"கம்பெனி எனக்கு ஒண்ணு குடுத்தா திருப்பித் திருப்பிப் பாப்பேன், மோந்து பாப்பேன். அது என் புத்தி. நீ குடுக்கறதையும் அப்படிப் பாக்கணுமாடா? ஒரு ஆளையாவது அப்படிப் பாக்காம வெச்சிருந்தேனே."

"அக்கா..."

"போ. அவ தனியா இருப்பா."

அதோடு பேச்சு நின்றது. தம்பி மனைவியைப் பார்த்துவர இஸ்திரிக்காரரைத்தான் அனுப்பினாள். அவர் இரண்டு பக்கத்துச் சேதிகளையும் கசங்காமல் கொண்டுபோய்க் கொடுத்தார்.

சில வாரங்களில் பொறுப்பு மேடம் திரும்ப வந்தார். தண்ணீர் கொடுத்தும் தெரு ஏன் திருந்தவில்லை என்று மக்களிடமே கேட்டு அறிவதற்கு. தற்காலிகக்காரர்களின் தலைவிதியையும் அத்தோடு முடித்துவிடுவார்கள் என்று பேச்சு. இயந்திரத்துக்கு அருகில் அவர் நின்று பெண்களிடம் விசாரித்துக்கொண்டிருந்தபோது, அக்கா இஸ்திரிப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். பின்னால் இஸ்திரிக்காரர், பிரிவுத் துயரத்தோடு.

"மேடம், இதைத் திரும்ப எடுத்துக்கோங்க."

"ஏம்மா, வேலை செய்யலையா?"

"நல்லா வேலை செய்யுது. அதுதான் பிரச்சினை."

மேடம் உண்மையாகவே குழம்பினார். "குடுக்கறதுக்குத்தாம்மா எங்ககிட்ட வழிமுறை இருக்கு. திரும்ப வாங்கிக்க எதுவும் இல்லையே."

இஸ்திரிக்காரர் சட்டென்று பெட்டியை வாங்கித் தன் மார்போடு அணைத்துக்கொண்டார். தெரு சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

"சரி, இருக்கட்டும். ஒண்ணு கேக்கறேன். எங்க நலம் உங்க பொறுப்புன்னு போர்டு வெச்சிருக்கீங்க. நாங்க யாரு உங்களுக்கு? உங்க பவுடரைக்கூட வாங்காதவங்க. உங்களுக்காகக் கடைகடையா ஏறி இறங்கறானே ஒருத்தன், அவன் பொண்டாட்டி இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கா. அவ நலம் யாரு பொறுப்பு?"

"அது மனிதவளத் துறைம்மா. நான் சமூகப் பொறுப்பு."

"அவன் சமூகத்துல வரமாட்டானா?"

பெண்கள் குடங்களைக் கீழே வைத்தார்கள். இதுவரை பேசாத ஒரு பெண் "அந்தப் பையன் இன்னும் நிரந்தரம் ஆகலையா?" என்று கேட்டாள். யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. நீலச் சட்டை போட்டவனெல்லாம் நீலக் கம்பெனிக்காரன் என்று இத்தனை நாள் அவனையும் சேர்த்தே சந்தேகப்பட்டிருந்தார்கள். அவனும் வெளியே நிற்பவன்தான் என்று தெரிந்ததும் தெருவுக்கு அவன்மேல் பாசம் பொங்கியது.

"மேடம்" என்றார் மூலைக்கடைக்காரர், கடையிலிருந்து இறங்கி வந்து. "தண்ணி குடுத்தீங்க, யாரும் வாங்கல. அந்தப் பையனை நிரந்தரம் பண்ணுங்க. நாளைக்கே நீலம் போகுதா இல்லையா பாருங்க."

"ஆமா, வாங்கறோம்" என்றார் டீச்சர்.

"பண்ணிட்டு ஒரு மாசத்துல தூக்கிட்டா?" என்றார் தையல்காரர்.

"தூக்கிட்டா மஞ்சளுக்குப் போறோம்! எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் டீச்சர் மறுபடியும்.

மேடம் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தோம். அவர் முகம் மலர்ந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அருமையா இருக்கே" என்றார் மெதுவாக. "ஊழியருக்காக ஒரு தெருவே நிக்குது. இதை நாங்க பயன்படுத்திக்கலாமா?"

என்ன கேட்கிறார் என்று புரியாமலே எல்லாரும் தலையாட்டினார்கள்.

வீடு திரும்பும்போது இஸ்திரிக்காரர் கேட்டார்: "அவன்கூடப் பேசறதில்லைன்னு சொன்னே. இப்போ அவனுக்காகத்தானே பேசினே?"

"அவன்கிட்ட கோபம் வேற, அவ பிரசவம் வேற. எனக்கும் டிபார்ட்மென்ட் இருக்குங்க."

நிறுவனம் வாக்கைக் காப்பாற்றியது. தம்பி நிரந்தரமானான். தெருவும் வாக்கைக் காப்பாற்றியது. நீலப் பாக்கெட் மூலைக்கடையில் வந்து இறங்குவதும் தெரியாமல், தீர்வதும் தெரியாமல் போனது. தண்ணீருக்கு வாங்காதவர்கள் தம்பிக்கு வாங்கினார்கள். பொறுப்பு என்பது இரண்டு பக்கமும் உள்ளதுதான் என்று டீச்சர் விளக்கம் சொன்னார்.

கூடவே இயந்திரத்தின் மேலிருந்த பழைய பலகை இறங்கி, புதிது ஏறியது. "எங்கள் ஊழியர், எங்கள் குடும்பம்." கீழே தம்பி இஸ்திரி கலையாத நீலச் சட்டையில் சிரித்தான். பக்கத்தில் மனைவி, அவள் வயிற்றை மறைக்க ஒரு பெரிய பாக்கெட்டைக் கையில் கொடுத்திருந்தார்கள். தம்பியின் கையில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை. பிரசவம் இன்னும் ஆகவில்லை. அதுவரை காத்திருக்க முடியாமல் விளம்பரக்காரர்கள் யார் வீட்டிலிருந்தோ ஒன்றை இரவல் வாங்கியிருந்தார்கள்.

அக்கா அந்தப் பலகையின் கீழ் குடம் நிறையும்வரை நின்றாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். "இவனே இரவல் குழந்தையைத் தூக்கிக்கிட்டுச் சிரிக்கறான் பாருங்க" என்று இஸ்திரிக்காரரிடம் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. அது அவருக்கு இன்னும் கவலையாக இருந்தது.

பிரசவம் பெரிய ஆஸ்பத்திரியில்தான் நடந்தது. ரத்த அழுத்தம் ஏறி, ஒரு பகல் முழுக்க எல்லாருக்கும் உயிர் போய் வந்தது. கடைசியில் தாயும் பிழைத்தாள், பெண் குழந்தையும் நல்லபடியாகப் பிறந்தது. பில்லைப் பற்றி யாரும் இவர்களிடம் பேசவே இல்லை. அதை அக்காவே ஒப்புக்கொண்டாள். தம்பி கதவோரம் நின்றான். அக்கா கட்டிலருகில் குழந்தையை மடியில் வைத்திருந்தாள். இடையில் இஸ்திரிக்காரர், இரண்டு பேருக்கும் பொதுவாகப் புன்னகைத்தபடி.

அப்போது பொறுப்பு மேடம் பூங்கொத்தோடு வந்தார். பின்னால் கேமராவோடு ஒருவர்.

"வாழ்த்துக்கள்! ஒரே ஒரு படம். போர்டுல நிஜக் குழந்தையையே போட்டுடலாம். உண்மையா இருக்கணும் இல்லையா?"

கேமராக்காரர் வெளிச்சத்துக்காக ஜன்னல் திரையை விலக்கினார். குழந்தை முகத்தைச் சுளித்தது. மனைவி புருஷனைப் பார்த்தாள். அக்கா யாரையும் பார்க்கவில்லை. குழந்தையின் போர்வையைச் சரிசெய்தாள், சரியாக இருந்ததை மறுபடியும் சரிசெய்தாள். இப்போது அவன் என்ன சொல்வான் என்பதை அவள் காதால்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் மேடம்" என்றான் தம்பி.

"அஞ்சே நிமிஷம்தான்."

"போர்டுல இருக்கற குழந்தையே இருக்கட்டும்."

"அது உங்க குழந்தை இல்லையே?"

"அதனாலதான் மேடம்."

நிரந்தரமாகி அதிக நாள் ஆகவில்லை. இன்னும் எதைச் சொன்னால் என்ன ஆகும் என்று தெரியாத காலம். மேடம் கேமராக்காரரிடம் தலையசைத்து, பூங்கொத்தை ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனார். அவருக்கும் வீட்டில் குழந்தைகள் இருக்கலாம். அல்லது வேறு ஏதாவது கணக்கு இருந்திருக்கலாம். சொல்வதற்கில்லை.

இஸ்திரிக்காரர் திரையை இழுத்துவிட்டார். அறை பழையபடி மங்கலானது.

"அங்கயே ஏண்டா நிக்கறே?" என்றாள் அக்கா, குழந்தையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கையைக் கழுவிட்டு வந்து தூக்கு. கழுத்தைப் பிடிச்சுத் தூக்கணும், பாக்கெட் தூக்கற மாதிரி தூக்காதே."

அந்தப் பலகை இன்றும் இருக்கிறது. வெயிலில் தம்பியின் சட்டை வெளிறிவிட்டது. குழந்தை மட்டும் அப்படியே கொழுகொழுவென்று இருக்கிறது. காசில்லாத தண்ணீரை அத்தனை நாள் சந்தேகப்பட்ட எங்கள் தெருவில், குடம் நிறையும் நேரத்தில் அந்தக் குழந்தையை அண்ணாந்து பார்த்து, அப்பன் ஜாடை அப்படியே இருக்கிறது என்று சொல்லாதவர்கள் இல்லை. மூக்கு மட்டும் அத்தையைக் கொண்டிருப்பதாகத் தையல்காரர் சொல்கிறார்.